இரண்டு ஈரோடு வருவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு பட்டியலில் எந்த மதிப்பு எத்தனை தடவை வருகிறது என்பதைப் பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் எண்ணிவிடலாம் என்று உங்கள் கணினிப் பக்கத்தில் வந்திருந்தது. வரியில் தப்பில்லை. ஆனால் அதை அப்படியே எடுத்துப்போய் ஒரு மாணவர் பட்டியல் மீதோ, கடையின் பில் விவரங்கள் மீதோ ஓட்டினால் விடை பல நேரம் தப்பாகத்தான் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. எண்கள் ஒழுங்காக வரிசை கட்டித் திரையில் நிற்கும், பார்ப்பவரும் நம்பிவிடுவார். கட்டுரையில் விட்டுப்போனதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு மாணவர் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆப்ஜெக்ட். அதற்குள் பெயர், வகுப்பு, மாவட்டம், பள்ளி, தேர்வு முடிவு என ஐந்து புலங்கள். மாவட்டவாரியாக எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் முதலில் செய்வது, ஒவ்வொரு மாவட்டப் பெயருக்கும் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை புரட்டுவது. பைத்தான் லிஸ்டின் 'கவுன்ட்' செய்வதும் இதையேதான். 1,00,000 மாணவர், 38 மாவட்டம் என்றால் 38 லட்சம் ஒப்பீடு. கணினி இதைத் தாங்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதே நிரலை மாவட்டத்துக்குப் பதில் பள்ளிவாரியாக ஓட்டிப் பாருங்கள். பள்ளிகள் 10,000 என்றால் ஒப்பீடு 100 கோடி. நிரல் தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள்.

சரியான வழியில் பட்டியலை ஒரே ஒரு முறைதான் புரட்ட வேண்டும். ஒரு டிக்ஷனரியை, அதாவது ஒவ்வொரு பெயருக்கும் (இதைக் 'கீ' என்பார்கள்) எதிரே ஒரு மதிப்பை வைக்கும் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாவட்டப் பெயர் அதில் இருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவது, இல்லாவிட்டால் 1 என்று புதிதாகப் போடுவது. இதை வேகமாக்குவது ஹேஷ். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிப்பது போலத்தான்: முதலில் பின்கோடு பார்த்து அறையில் போடுகிறார்கள், பிறகு அந்த அறைக்குள் மட்டும் விலாசத்தைப் படிக்கிறார்கள். கணினியும் மதிப்பிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு எந்த அறை என்று முடிவு செய்கிறது. அந்த அறைக்குள் இருப்பவற்றோடு மட்டும் 'நீயும் இதுவும் சமமா?' என்று ஒப்பிடுகிறது. ஆக, எண்ணும் வேலை முழுக்க இரண்டு கேள்விகளில் நிற்கிறது: ஹேஷ் எண் என்ன, சமமா இல்லையா. கீழே நான் சொல்லப்போகும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்று நாம் நினைத்தபடி இல்லாததால் வருபவை.

பைத்தானில் இதற்கென்றே 2.7, 3.1 பதிப்புகளிலிருந்து கலெக்ஷன்ஸ் தொகுப்பில் 'கவுன்ட்டர்' இருக்கிறது. மாணவர்களின் மாவட்டப் புலத்தை மட்டும் ஒவ்வொன்றாக அதற்கு ஊட்டினால் போதும். இல்லாத மாவட்டத்தைக் கேட்டால் பிழை காட்டாது, 0 என்று சொல்லும். இது வசதி, அதே சமயம் ஆபத்து. 'திருவாரூர்' என்று கேட்பதற்குப் பதில் 'திருவாருர்' என்று தட்டிவிட்டாலும் பதில் 0தான். இன்னொரு வழுக்கல் 'அப்டேட்' முறையில் இருக்கிறது. அதற்கு 'ஈரோடு' என்ற சொல்லை நேராகக் கொடுத்தால் ஈரோட்டுக்கு ஒன்று கூடாது. அந்தச் சொல்லைக் குறிகளாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டிவிடும். ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் லிஸ்டுக்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு கவுன்ட்டர்களைக் கழித்தல் குறியால் கழித்தால் பூஜ்யமும் எதிர்மறை எண்களும் சத்தமில்லாமல் காணாமல் போகும். போன ஆண்டை விட எங்கே எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பவர்கள் 'சப்ட்ராக்ட்' முறையைத்தான் கூப்பிட வேண்டும், அது எதிர்மறை எண்ணை வைத்துக்கொள்ளும்.

ஜாவாவில் 2014இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து இரண்டு வழிகள். அங்கே டிக்ஷனரியின் பெயர் ஹேஷ்மேப். அதன் 'மெர்ஜ்' முறைக்கு மாவட்டம், 1, கூட்டும் செயல் மூன்றையும் கொடுக்கலாம். அல்லது பட்டியலை ஒவ்வொன்றாக ஓடவிடும் ஸ்ட்ரீமில் 'குரூப்பிங்பை', 'கவுன்ட்டிங்' இரண்டையும் சேர்த்துப் போடலாம். இரண்டாவது வழியில் வரும் எண்ணிக்கை லாங் ஆப்ஜெக்ட், அதாவது ஆப்ஜெக்டுக்குள் வைத்த முழு எண். இரண்டு மாவட்டங்களின் எண்ணிக்கை சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுப் பார்த்தால் 127 வரை சரியாக வரும். 128இலிருந்து பொதுவாக 'சமமில்லை' என்று சொல்லும். இரட்டைச் சமக்குறி பார்ப்பது எண்ணை அல்ல, ஒரே ஆப்ஜெக்டா என்பதை. மைனஸ் 128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் காரணம். சோதனைப் பட்டியலில் 20 பேர் இருப்பார்கள், எல்லாம் பாஸ் ஆகும். நிஜப் பட்டியலில் வெடிக்கும். 'ஈக்குவல்ஸ்' கொண்டு ஒப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஜாவாஸ்கிரிப்டில் எண்ணுவதற்குச் சாதாரண ஆப்ஜெக்டைப் பயன்படுத்துவது பழைய பழக்கம். விட்டுவிடுவது நல்லது. எண் 1, எழுத்து '1' இரண்டும் அதில் ஒரே கீ. ஆங்கிலக் கட்டுரையில் சொற்களை எண்ணும்போது 'கன்ஸ்ட்ரக்டர்' என்ற ஆங்கிலச் சொல் வந்தால் இன்னும் வேடிக்கை: அந்தப் பெயரில் ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் ஏற்கெனவே ஒரு செயல் ஒட்டிக்கொண்டிருப்பதால், அந்தச் செயலின் உரையோடு 1 என்ற எழுத்து ஒட்டிய நீண்ட குப்பைதான் எண்ணிக்கையாக வரும். அங்கே டிக்ஷனரியாக உள்ள 'மேப்' பயன்படுத்தினால் இந்த இரண்டும் வராது.

இனி, ஒரு புலத்தை அல்லாமல் ஆப்ஜெக்டையே கீயாக வைக்கும் இடம். மாவட்டமும் வகுப்பும் சேர்ந்த ஜோடிக்கு எத்தனை பேர் என்று எண்ண வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு புலங்கள் கொண்ட ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டுக்கான வார்ப்பு) எழுதி அதைக் கீயாக்குவார்கள். ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் எண்ணிக்கை 1, 1, 1 என்று லட்சம் வரிகள் வரும். எண்ணிக்கை முழுக்க 1 என்று வந்தால் உடனே புரிந்துகொள்ளலாம்: நீங்கள் எழுதிய கிளாஸுக்குச் 'சமம்' என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே இருக்கும் மதிப்புகள் ஒன்றாக இருந்தாலும் நினைவகத்தில் இருக்கும் இடம் வேறு என்பதால் வேறு வேறு என்று கணினி எடுத்துக்கொள்கிறது. ஜாவாவில் 'ஈக்குவல்ஸ்' மட்டும் எழுதி 'ஹேஷ்கோட்' எழுத மறந்தாலும் இதே கதிதான். சமமான இரண்டு கடிதங்கள் இரண்டு அறைகளுக்குப் போய்விடுகின்றன, ஒப்பிடும் சந்தர்ப்பமே வருவதில்லை. பைத்தான் இந்த விஷயத்தில் கறார். சமம் பார்க்கும் முறையை எழுதி ஹேஷ் முறையை எழுதாவிட்டால் அந்த ஆப்ஜெக்டைக் கீயாக ஏற்க மறுத்துப் பிழை காட்டிவிடும். அதை நான் நல்ல குணம் என்பேன். தீர்வு எளிது: பைத்தானில் டியூப்பிள் (மாற்ற முடியாத பட்டியல்) அல்லது உறையவைத்த டேட்டாகிளாஸ் (புலங்களை மாற்ற முடியாத கிளாஸ்), ஜாவாவில் 16ஆம் பதிப்பிலிருந்து நிலையாக வந்த 'ரெக்கார்ட்'. இவை சமத்துவத்தையும் ஹேஷையும் தாமே எழுதிக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்டில் கதை தலைகீழ். சாதாரண ஆப்ஜெக்டுக்கு இன்னோர் ஆப்ஜெக்டைக் கீயாகக் கொடுத்தால் அது எழுத்தாக மாற்றப்பட்டு, எல்லா மாணவரும் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்ற ஒரே கீயின் கீழ் 1,00,000 என்று குவிவார்கள். மேப்பில் வைத்தாலோ மறுபடி 1, 1, 1தான். ஆகவே அங்கே இரண்டு புலங்களையும் ஒட்டி ஒரே எழுத்துச் சரமாக்கிக் கீயாக வைக்கிறார்கள். நடுவில் பிரிகுறி போடாமல் ஒட்டக் கூடாது. வார்டு 1, வீடு 12. வார்டு 11, வீடு 2. இரண்டும் '112' ஆகிவிடும். போடும் பிரிகுறியும் மதிப்புகளுக்குள் வராததாக இருக்க வேண்டும். விலாசத்தில் காற்புள்ளி சாதாரணமாக வரும், ஆகையால் அது உதவாது.

கீயாக வைத்த ஆப்ஜெக்டின் புலத்தைப் பிறகு மாற்றவும் கூடாது. 10ஆம் வகுப்பு என்று கணக்கிட்டு ஓர் அறையில் போட்டாகிவிட்டது. பிறகு அதே ஆப்ஜெக்டை 11 என்று திருத்தினால் தேடுபவர் வேறு அறைக்குப் போவார், அங்கே இருக்காது. பழைய அறையிலும் ஒப்பீடு பொருந்தாது. எண்ணிக்கை உள்ளே கிடக்கும், ஆனால் யார் கேட்டாலும் கிடைக்காது.

வகை மாற்றங்களிலும் கவனம் வேண்டும். பைத்தானில் 1, 1.0, 'ட்ரூ' (ஆம் என்ற மதிப்பு) மூன்றும் சமம், ஹேஷும் ஒன்று. மூன்றையும் கலந்து எண்ணினால் ஒரே கீயின் கீழ் 3 என்று வரும், எது முதலில் வந்ததோ அதன் பெயரில். இதற்கு நேர்மாறாக, எக்செல் கோப்பிலிருந்து ஒரு பாதியும் படிவத்திலிருந்து மறுபாதியும் வந்திருந்தால் பள்ளிக் குறியீடு 7 என்ற எண்ணாகவும் '07' என்ற எழுத்தாகவும் இரண்டு கீயாகப் பிரியும். குறியீடு எதுவானாலும் எழுத்துச் சரமாகவே படித்துக்கொள்வது உத்தமம், முன்னால் உள்ள பூஜ்யம் உதிராது. தொகைகளை மிதவைப் புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) வைத்து எண்ணவே கூடாது. 0.1, 0.2 இரண்டையும் கூட்டி வந்ததும் நேராக எழுதிய 0.3உம் கணினிக்கு வேறு வேறு. பைசாவாக்கி முழு எண்ணாக வைத்துவிடுங்கள். ஜாவாவில் தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமலில் 2.0, 2.00 இரண்டும் ஹேஷ்மேப்பில் இரண்டு கீ, கீகளை வரிசைப்படுத்தி வைக்கும் ட்ரீமேப்பில் ஒரே கீ. ட்ரீமேப் சமம் பார்ப்பது 'கம்பேர்டூ' முறையால் என்பதால் இந்த வித்தியாசம்.

மாவட்டம் நிரப்பப்படாத மாணவர்கள் எங்கே போகிறார்கள்? மொழிக்கு மொழி பதில் மாறுகிறது. பைத்தான் கவுன்ட்டர் 'நன்' என்ற வெற்று மதிப்பையும் ஒரு கீயாக எண்ணிக்கொள்ளும். ஜாவாவின் குரூப்பிங்பை 'நல்' என்ற வெற்றுக் கீயைப் பார்த்ததும் நின்றுவிடும். பைத்தானின் தரவு அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸின் 'வேல்யூ கவுன்ட்ஸ்' விடுபட்டவற்றைச் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிடும், வேண்டுமென்றால் 'ட்ராப்என்ஏ' என்பதை 'ஃபால்ஸ்' என்று கொடுக்க வேண்டும். தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் 'குரூப் பை' போட்டால் நல் எல்லாம் ஒரு குழுவாக வரும். ஆனால் அந்தக் குழுவின் எண்ணிக்கையைக் 'கவுன்ட்' செயலுக்குள் மாவட்டப் புலத்தின் பெயரைப் போட்டுக் கேட்டால் 0 என்று வரும். நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டால்தான் உண்மை எண் வரும். 4,000 பேர் மாவட்டம் எழுதாமல் விட்டிருந்தால் அதுவே ஒரு செய்தி. அதை மறைக்கும் அட்டவணை எதற்கு?

இவ்வளவும் எந்த மொழித் தரவுக்கும் பொருந்துவது. தமிழ்த் தரவுக்கு இதற்கு மேலும் இருக்கிறது, உங்கள் கட்டுரை தொடாததும் இதுதான்.

மாவட்டவாரி அட்டவணையில் 'ஈரோடு' என்று இரண்டு வரிகள் வரலாம். ஒன்றில் 412, மற்றதில் 37 என்று வைத்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. பைத்தானின் 'ஆர்ட்' செயலால் ஒவ்வொரு குறியின் எண்ணையும் அச்சிட்டால் குட்டு வெளிப்படும். ஒன்றில் 2952, 2992, 3019, 2975, 3009 என்று ஐந்து எண்கள். மற்றதில் 2952, 2992, 3015, 3006, 2975, 3009 என்று ஆறு. முதலாமவர் ஓகாரக் குறியை ஒரே குறியாகத் தட்டியிருக்கிறார். இரண்டாவது ஆளின் விசைப்பலகை ஏகார இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் எண் தரும் உலகத் தரமான யூனிகோடின் விதிப்படி இரண்டும் சமானம். ஆனால் நிரல்மொழியின் சமக்குறிக்கு அந்த விதி தெரியாது, அது எண்களைத்தான் ஒப்பிடும். கோயம்புத்தூர், புதுக்கோட்டை என்று ஓகாரம், ஒகரம், ஔகாரக் குறி வரும் எந்தப் பெயருக்கும் இது நேரும். எண்ணுவதற்கு முன் ஒவ்வொரு மதிப்பையும் யூனிகோடின் 'என்எஃப்சி' என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஐந்து எண்களாகிவிடும். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுப்பின் 'நார்மலைஸ்', ஜாவாவில் 'நார்மலைசர்' கிளாஸ், ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துச் சரத்திலேயே உள்ள 'நார்மலைஸ்'.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பழைய எழுத்துருக்களில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே வடிவம் பழகியவர்கள் 'ரி' என்பதற்குத் துணைக்காலும் இகரக் குறியும், 'ர்' என்பதற்குத் துணைக்காலும் புள்ளியும் தட்டுவது உண்டு. எழுத்துரு மாற்றிகளும் இதைச் செய்கின்றன. 'நீலகிரி' என்பது 'நீலகிாி' ஆகவும், 'வேலூர்' என்பது 'வேலூா்' ஆகவும் கோப்பில் உட்கார்ந்திருக்கும். இணையத்தில் உள்ள தமிழ்ச் செய்திகளில் இதை எவ்வளவோ பார்க்கலாம். இது யூனிகோட் சமானம் அல்ல, வெறும் எழுத்துப்பிழை. என்எஃப்சி இதைத் தொடாது. நாமேதான் மாற்ற வேண்டும். தமிழில் துணைக்காலை அடுத்துப் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ வரவே முடியாது என்பதால் இந்த மூன்று இடத்திலும் துணைக்காலை ரகரமாக மாற்றுவது பத்திரமான விதி.

பத்திரம்தான், ஆனால் போதாது. தேர்வு முடிவுப் புலத்தில் 'தேர்ச்சி' என்ற சொல் இருக்கிறது. அதில் ரகரத்துக்குப் பதில் துணைக்கால் விழுந்தால், முன்னாலுள்ள இரட்டைக் கொம்போடு அது சேர்ந்துகொள்கிறது. என்எஃப்சி அதை ஓகாரமாக இறுக்கிக் கட்டி 'தோ்ச்சி' ஆக்கிவிடும். 'புதுச்சேரி' இப்படித்தான் 'புதுச்சோி' ஆகிறது. இப்போது துணைக்கால் தனியாக இல்லாததால் மேற்சொன்ன விதிக்கு இது சிக்காது. எனவே முதலில் என்எஃப்சி, பிறகு துணைக்கால் விதி, கூடவே இன்னும் இரண்டு விதிகள்: ஓகாரக் குறியை அடுத்துப் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ வந்தால் ஓகாரத்தை ஏகாரக் குறி, ரகரம் என்று பிரிக்க வேண்டும், ஒகரக் குறிக்கும் அதேபோல எகரக் குறி, ரகரம். இந்த மூன்றும் இல்லாமல் தேர்ச்சி விகிதம் போட்டால் தேறிய மாணவரில் ஒரு பகுதி எதிலும் சேராமல் தொங்கும்.

ஔகாரத்துக்கு மட்டும் இப்படி இயந்திர விதி போட முயலாதீர்கள். 'கௌரி' என்பதைக் கொம்பும் ளகரமுமாகக் 'கெளரி' என்று தட்டியவர்கள் உண்டு. அதைத் திருத்தப்போய் எல்லாக் கொம்பு ளகரத்தையும் மாற்றினால் 'தெளிவு', 'வெள்ளி' எல்லாம் நாசமாகும். பெயர்ப் பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகத்தான் திருத்த முடியும். தமிழ் எண்ணான ௧ என்பதைக் ககரமாகவும், ௭ என்பதை எகரமாகவும் யாராவது தட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இன்னொரு ரகம். சொல்லின் கடைசியில் ஒட்டியுள்ள சாதாரண இடைவெளியை நறுக்கும் செயல் இந்த மூன்று மொழிகளிலும் உண்டு, அதைக் கூப்பிட்டால் போதும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது வரும் 160ஆம் எண் இடைவெளியைப் பைத்தானின் 'ஸ்ட்ரிப்'பும் ஜாவாஸ்கிரிப்டின் 'ட்ரிம்'மும் நீக்கும், ஜாவாவின் ட்ரிம், ஸ்ட்ரிப் இரண்டுமே நீக்காது. 8203ஆம் எண்ணுள்ள அகலமில்லா இடைவெளியை இந்த மூன்று மொழிகளில் எதுவும் நீக்காது. பெயரிட்டு நீக்க வேண்டும்.

மதிப்புகளை விட்டுவிட்டு எழுத்துகளையே எண்ணப் புகுந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. 'தமிழ்' என்ற சொல்லைக் கவுன்ட்டருக்குக் கொடுத்தால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து வரும். நமக்கு மூன்று எழுத்து. 3006 முதல் 3021 வரையும் 3031உம் தனித்து நிற்க உரிமை இல்லாத குறிகள். அவற்றை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டு எண்ணினால் மூன்று வரும். பைத்தானின் வழக்கமான 'ரீ' தொகுப்பில் இதற்குத் தயார் வழியில்லை, தனியாக நிறுவும் 'ரீஜெக்ஸ்' தொகுப்பில் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ட்ல் செக்மென்ட்டர்' இருக்கிறது. 'க்ஷ' ஓர் எழுத்தா இரண்டா என்பதைக் கருவி முடிவு செய்யாது, எண்ணுபவர்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விடையை வரிசைப்படுத்துவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. யூனிகோட் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. நம் அகராதி வரிசை அதுவல்ல.

எழுத்தெல்லாம் சரியான பிறகும் பொருள் சரியாக இருக்க வேண்டும். கோவை, கோயம்புத்தூர், திருச்சி, திருச்சிராப்பள்ளி, தர்மபுரி, தருமபுரி. இவை எந்த விதியாலும் ஒன்றாகாது. மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்றைக் கையால் எழுதிவைத்து, எண்ணும் முன் அதன் வழியே அனுப்ப வேண்டும். இதைவிடக் கடினமானது ஒரே பெயர் இரண்டு பொருளில் வருவது. 2018ஆம் ஆண்டுப் பதிவில் உள்ள வேலூரும் 2020ஆம் ஆண்டுப் பதிவில் உள்ள வேலூரும் ஒன்றல்ல. 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தன. இரண்டு ஆண்டையும் ஒரே கீயில் எண்ணி 'வேலூரில் மாணவர் எண்ணிக்கை சரிவு' என்று தலைப்புப் போட்டால் நிரலைக் குறை சொல்ல முடியாது. ஆண்டையும் மாவட்டத்தையும் ஜோடியாகக் கீயாக்கி, ஒப்பிடும்போது பிரிந்த மூன்றையும் கூட்டிப் பழைய வேலூரோடு வைக்க வேண்டும்.

யாருமே இல்லாத மாவட்டம் எண்ணிக்கையில் தோன்றவே தோன்றாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பட்டியலில் பெரம்பலூர் மாணவர் ஒருவரும் இல்லையென்றால் அட்டவணையில் பெரம்பலூர் 0 என்று வராது, பெரம்பலூரே வராது. முதலிலேயே 38 மாவட்டத்தையும் 0 என்று போட்டு வைத்துவிட்டு எண்ண ஆரம்பிக்க வேண்டும். பாண்டாஸில் புலத்தைக் 'கேட்டகரி' வகையாக்கி 38 பெயரையும் அறிவித்துவிட்டால் பூஜ்யங்களும் வரும்.

முதல் மூன்று இடம் போடும்போது சமநிலையைப் பாருங்கள். கவுன்ட்டரின் 'மோஸ்ட் காமன்' முறைக்கு 3 என்று கொடுத்தால் மூன்று மட்டுமே தரும். மூன்றாவதும் நான்காவதும் ஒரே எண்ணிக்கை என்றாலும், பட்டியலில் முதலில் தலைகாட்டியவர் உள்ளே, மற்றவர் வெளியே. மூன்றாவது எண்ணிக்கை என்ன என்று எடுத்துக்கொண்டு, அதற்குக் குறையாத எல்லோரையும் போடுவதுதான் நியாயம்.

கோடிக்கணக்கில் வேறுபட்ட மதிப்புகள் வந்துகொண்டே இருக்கும் இடங்களில் டிக்ஷனரி நினைவகத்தில் அடங்காது. அங்கே அடிக்கடி வருபவை எவை என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் ஜயதேவ் மிஸ்ரா, டேவிட் கிரீஸ் இருவரும் 1982இல் வெளியிட்ட முறை உதவும். 99 கணக்குப் பெட்டிகள் மட்டும் வைத்துக்கொண்டு, மொத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் வரும் எதையும் தவறவிடாது. ஆனால் பெட்டியில் மிஞ்சுபவை எல்லாம் உண்மையில் அந்த அளவைத் தாண்டியவை என்று எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டாம் முறை புரட்டிச் சரிபார்க்க வேண்டும். கார்மோட், முத்துகிருஷ்ணன் இருவரின் 'கவுன்ட்-மின் ஸ்கெட்ச்' என்ற தோராய முறை எண்ணிக்கையைக் கூடுதலாகச் சொல்லலாம், குறைத்துச் சொல்லாது. ஆனால் மாவட்டவாரி மாணவர் கணக்குக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. 38 கீக்கு டிக்ஷனரி தாராளம்.

வேகத்துக்காகப் பல திரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் கிளைகளை) ஒரே ஹேஷ்மேப்பில் எண்ணவிடுவது மட்டும் வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் 411 என்று படித்து இருவரும் 412 என்று எழுதினால் ஒருவர் தொலைந்தார். ஜாவாவின் கன்கரன்ட் ஹேஷ்மேப்பின் மெர்ஜ் அதைத் தடுக்கும். ஒவ்வொரு திரெட்டும் தனித்தனியே எண்ணிக் கடைசியில் கூட்டுவது அதைவிட நிம்மதி.

அந்த ஒரு வரியை அடுத்த முறை அச்சிடும்போது அதன் கீழே மூன்று வரிகள் சேர்த்துவிடுங்கள். எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை பட்டியலின் நீளத்துக்குச் சமமா என்று பார்க்கும் வரி ஒன்று. விடுபட்டவர்களை விழுங்கியிருந்தால் இங்கே தெரியும். கிடைத்த கீகளில் 38 மாவட்டப் பெயர்களில் இல்லாதவை எவை என்று காட்டும் வரி இன்னொன்று. இரண்டாவது ஈரோடும் 'நீலகிாி'யும் இங்கே மாட்டும். அப்படி மாட்டியவற்றை அவற்றின் குறி எண்களோடு அச்சிடும் வரி மூன்றாவது. பெயரை மட்டும் அச்சிட்டால் 'பட்டியலில்தான் ஈரோடு இருக்கிறதே' என்று வாசகர் தலையைச் சொறிவார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்